பழைய கொரோலாவோட கம்பெனி செட்ல ஆக்ஸ் எடுக்குறது எப்படி?

ஈரோட்டுலேர்ந்து ஒரு நண்பர் கேட்டிருக்கார். அப்பா வாங்கின 2005 டொயோட்டா கொரோலா, டேஷ்போர்டோட டிசைன்லயே வந்த 2 டின் (ரெட்டை உயர சைஸ்) கம்பெனி செட், அதுல சிடியும் இருக்கு கேசட்டும் இருக்கு, ரெண்டுமே இன்னும் ஓடுது. போன்ல இருக்குற பாட்டை அதுல கேக்கணும், அதாவது போன் ஒயரை சொருக ஒரு ஆக்ஸ் இன்புட் வேணும், அவ்ளோதான். ஆக்சசரீஸ் கடையில கேட்டா "இதைக் கழட்டிப் போடுங்க சார், ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் மாட்டித் தர்றேன்"ங்கிறாங்களாம், அவருக்கு மாத்த மனசில்ல. கடைசியா "பின்னாடி போற ஸ்பீக்கர் ஒயர்லயே ஒரு ஆக்ஸ் ஒயரை ஜாயின்ட் பண்ணிட்டா பாடாதா?"ன்னு கேட்டிருக்கார்.

கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில். பண்ணவே பண்ணாதீங்க. ஸ்பீக்கருக்குப் போறது ஆம்ப் ஐசியை (சத்தத்தைப் பெருக்குற சிப்பை) தாண்டி வர்ற கரண்ட், அதுல உள்ளே எதையும் அனுப்ப முடியாது. இந்த மாதிரி செட்ல ஆம்ப் பிரிட்ஜ் முறையில வேலை செய்யும், அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு ஒயர்ல எதுவுமே எர்த் கிடையாது, ரெண்டுலயும் பேட்டரி வோல்டேஜ்ல பாதி, 6 - 7 வோல்ட் நின்னுகிட்டே இருக்கும். அதுல கொண்டுபோய் போன் ஒயரை வெச்சீங்கன்னா ஒண்ணு போனோட ஆடியோ போகும், இல்ல செட்டோட ஐசி போகும், அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டும் சேர்ந்து போகும். ஸ்பீக்கர் ஒயரை பாடில எர்த் பண்றதும் அதே கதைதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பாட்டு சத்தத்தை செட்டுக்குள்ள கொண்டுபோறது கஷ்டமே இல்ல, லெஃப்ட் ரைட் எர்த்துன்னு மூணு ஒயர். கஷ்டம் என்னன்னா, செட்டுக்குள்ள ஒரு செலக்டர் இருக்கு, எஃப்எம், கேசட், சிடி இதுல எந்த பட்டனை அமுக்குறீங்களோ அதோட சத்தத்தை மட்டும்தான் ஆம்புக்கு விடும், மிச்சதெல்லாம் மூடியிருக்கும். ஆக்ஸ்னு ஒரு பட்டனே இல்லாத செட்ல ஆக்ஸ் சத்தத்தை எந்த வழியா உள்ளே விடுறதுங்கிறதுதான் முழு பிரச்சனையும். கடையில விக்கிற எல்லா சாமானும் இதை ஒவ்வொரு விதமா ஏமாத்துறதுதான்.

உங்க கொரோலாவுக்கு நல்ல வழி சிடி சேஞ்சர் போர்ட். அந்தக் காலத்துல டிக்கியிலயோ சீட்டுக்கு அடியிலயோ 6 சிடி போடுற பெட்டி மாட்டுவாங்க இல்லையா, அதுக்காக நிறைய டொயோட்டா செட்டோட முதுகுல ஒரு தனி சாக்கெட் விட்டிருப்பாங்க. பவருக்கும் ஸ்பீக்கருக்கும் போறது 10 பின், 6 பின்னுன்னு ரெண்டு பிளக், அதை விட்டுட்டு வேற ஒரு சின்ன சாக்கெட் காலியா இருக்கான்னு பாருங்க. பழைய மாடல்ல அது 12 பின்னா ஒரே சாக்கெட்டா இருக்கும், 2003 - 2004 வாக்குலேர்ந்து 6 பின் + 6 பின்னா மாத்திட்டாங்க. உங்க வண்டி வருஷத்துக்கு ரெண்டுல எது வேணா இருக்கலாம், சில செட்ல சுத்தமா இல்லாமலும் இருக்கும். அதனாலதான் சொல்றேன், ஆன்லைன்ல எதையும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி செட்டை ஒரு தடவை வெளிய எடுத்து முதுகை போட்டோ எடுத்துக்கோங்க. வண்டி மாடலை வெச்சு ஆர்டர் பண்ணிட்டு பிளக் சேராம திருப்பி அனுப்புறவங்கதான் ஜாஸ்தி.

போர்ட் இருக்குன்னு தெரிஞ்சதும் அதுல நேரா மூணு ஒயரை சொருகினா பாடுமான்னா, பாடாது. டொயோட்டால ஏவிசி-லேன்னு ஒரு நெட்வொர்க், ரெண்டு ஒயர்ல செட்டும் சேஞ்சரும் பேசிக்கும். சேஞ்சர் இருக்கான்னு செட் கேக்கும், பதில் வரலன்னா அந்த சோர்ஸுக்கே போகாது. அதுக்குத்தான் சேஞ்சர் எமுலேட்டர் அடாப்டர்னு ஒண்ணு இருக்கு, காலேஜ்ல ப்ராக்ஸி குடுக்குற மாதிரி, செட் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது இல்லாத சேஞ்சருக்காக இது "உள்ளேன் ஐயா" சொல்லிடும். செட்டும் நம்பி சேஞ்சர் சோர்ஸைத் திறந்துவிடும், அந்த வழியா உங்க போன் சத்தம் போகும். டிஸ்க் பட்டனை இன்னொரு தடவை அமுக்கினா சேஞ்சருக்கு மாறும். யாடூர் மாதிரி கம்பெனிங்க இதை ஆக்ஸ், யூஎஸ்பி, ப்ளூடூத்னு பல விதமா விக்குறாங்க, ஒயர் எதையும் வெட்ட வேண்டாம், பிளக்கை சொருகினா போதும், நாளைக்கு வேண்டாம்னா உருவிடலாம். ஏற்கனவே ஒரிஜினல் சேஞ்சர் மாட்டியிருந்தா மட்டும் அதை கழட்டிட்டுத்தான் இதை மாட்டணும்.

ஆனா உங்க கேசட் பிளேயர் ஓடுதுன்னு சொல்றீங்க, அப்ப இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி சும்மா ஒரு கேசட் அடாப்டர் வாங்கிப் போட்டுப் பாருங்களேன். பல பேர் இதை மட்டமா பேசுவாங்க, எனக்கு அப்படித் தோணல. கேசட் ஷேப்ல இருக்குற அந்த டப்பாக்குள்ள ஒரு சின்ன மேக்னெட்டிக் ஹெட் இருக்கும், அது பிளேயர்ல டேப்பைப் படிக்கிற ஹெட்டோட முகத்துக்கு முகம் ஒட்டி நின்னு சிக்னலை காந்தமா அனுப்பும், டேப்பே கிடையாது. உள்ளே இருக்குற பல்சக்கரம் எதுக்குன்னா, ரீல் சுத்தலன்னா டேப் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு ஆட்டோ ரிவர்ஸ் செட் சைடு மாத்தும், மாத்தினா ஹெட் தள்ளிப் போய் சத்தம் குறைஞ்சிடும், அப்புறம் திரும்ப மாத்தும், பைத்தியம் பிடிச்ச மாதிரி க்ளிக் க்ளிக்னு அடிச்சுகிட்டே இருக்கும். மட்டமான அடாப்டர்ல இதுதான் கம்ப்ளெயின்ட். சத்தம் மந்தமா, போர்வைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருந்தா அடாப்டரைத் திட்டாதீங்க, ஹெட்ல பல வருஷ அழுக்கு இருக்கும், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை பட்ஸ்ல தொட்டு மெதுவா துடைங்க. டால்பி பட்டன் (டேப் இரைச்சலைக் குறைக்கிறது) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, அது ட்ரெபிளை வெட்டிடும். போன் வால்யூமை ஃபுல்லா வெச்சாலும் ஹெட் தாங்காம பிசிறடிக்கும்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் பத்தி அதிகம் சொல்றதுக்கில்ல. லைட்டர் சாக்கெட்ல சொருகினா முடிஞ்சுது, ஆனா எஃப்எம் ஸ்டீரியோல 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணும் போகாது, ஊருக்கு ஊர் காலி ஃப்ரீக்வென்சி தேடணும். சென்னைக்குள்ள 91.1, 92.7, 93.5, 98.3, 106.4னு வரிசையா ஸ்டேஷன் நிக்குது, அங்க போனா 88 பக்கத்துல கீழ வெச்சுப் பாருங்க. ஒரு வாரம் சமாளிக்க ஓகே. இன்னொண்ணு, செட் முகத்துல எம்பி3-ன்னு எழுதியிருந்தா 700 எம்பி சிடில 128 கேபிபிஎஸ்ல சுமார் 12 மணி நேரப் பாட்டு அடங்கும், பலபேருக்கு அதுவே போதும், அதை யாரும் யோசிக்கிறதில்ல.

சேஞ்சர் போர்ட்டும் இல்ல, கேசட்டும் செத்துடுச்சுன்னா கடைசி வழி செட்டைத் திறந்து உள்ள சால்டர் பண்றது. இதை நீங்களே பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஒரு நல்ல ஆடியோ மெக்கானிக் கிட்ட குடுக்குறதா இருந்தா அவர் என்ன பண்ணணும்னு தெரிஞ்சுக்கோங்க. சிடியோ கேசட்டோ எதோட லெஃப்ட் ரைட் சிக்னல் ஆடியோ ப்ராசசர் ஐசிக்கு உள்ள போகுதோ அந்த இடத்துல பழைய சிக்னலைத் துண்டிச்சு ஆக்ஸை குடுக்கணும். அந்த பின்ல டிசி வோல்டேஜ் இருக்கும், அதனால 1 லேர்ந்து 4.7 மைக்ரோஃபாரட் வரைக்கும் ஒரு கப்பாசிட்டர் வழியாத்தான் குடுக்கணும், நேரா குடுத்தா டப்புன்னு சத்தமும் பிசிறும் வரும். சிடி வழியைப் பிடிச்சீங்கன்னா சத்தமே இல்லாத ஒரு ஆடியோ சிடி எழுதி உள்ள ஓட விடணும், ஏன்னா சிடி ஓடலன்னா செட் அந்த வழியை மியூட் பண்ணிடும். வீணா லேசர் தேயும், அது ஒரு நஷ்டம்தான்.

எந்த வழியில போனாலும் பல பேர் வந்து நிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, இரைச்சல். ஆக்சிலரேட்டர் குடுக்கக் குடுக்க "வீஈஈ"ன்னு சுருதி ஏறுற சத்தம். போனை கார் சார்ஜர்லயும் போட்டு ஆக்ஸ்லயும் போட்டா எர்த் ரெண்டு வழியா போய் ஒரு லூப் ஆயிடும், ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) சத்தம் அதுல ஏறிடும். சோதிக்கிறது சுலபம், சார்ஜரை உருவுங்க, சத்தம் நின்னா லூப்தான். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒரு குட்டி டப்பா, உள்ள ரெண்டு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், ஆக்ஸ் ஒயருக்கு நடுவுல மாட்டினா போயிடும், ரொம்ப மலிவானது வாங்கினா பேஸ் கொஞ்சம் அடிபடும். ப்ளூடூத் போர்டை டேஷ்போர்டுக்குள்ள ஒளிச்சு வெச்சு கார் கரண்டுலயே ஓட்டறவங்களுக்கு "கிர்ர் டிக் டிக்"னு வேற ஒரு சத்தம் வரும், அதுக்கு பி0505எஸ்-னு ஒரு ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் 5 வோல்ட் லைன்ல போட்டா சரியாகும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டும் கிடைக்கும், ஆன்லைன்லயும் கிடைக்கும்.

செட்டை வெளிய எடுக்கறப்ப பேட்டரி நெகட்டிவ் டெர்மினலை கழட்டிட்டு ஒண்ணரை நிமிஷமாவது காத்திருங்க, ஏர்பேக் சர்க்யூட் அடங்கணும். அப்புறம் நடு பேனலை கைக்கு வர்ற இடத்துல மெதுவா இழுத்தா க்ளிப் விடும், ஸ்க்ரூடிரைவரால நெம்பினா கீறல் விழும், துணி சுத்தி நெம்புங்க. செட்டைப் பிடிச்சிருக்குற போல்ட்டுக்கு 10 எம்எம் சாக்கெட். இதையே ஹோண்டா, ஸ்கோடா வெச்சிருக்குறவங்க படிச்சிட்டிருந்தா ஒரு வார்த்தை, உங்க செட் பேட்டரி கழட்டினா திரும்ப திருட்டு லாக் கோட் கேக்கலாம், கோட் கார்டு கையில இல்லாம பேட்டரில கை வைக்காதீங்க.

ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் கெட்டதுன்னு சொல்ல வரல, ரிவர்ஸ் கேமரா, மேப் எல்லாம் வேணும்னா அதுதான். ஆனா கொரோலா டேஷ்போர்டுக்கு தனி ஃப்ரேம் வேணும், அதைவிட முக்கியம், கடைக்காரர் கம்பெனி பிளக்கை வெட்டி டேப் சுத்த வந்தா விடாதீங்க. 10 பின், 6 பின்னுக்கு நேரா சேர்ற டொயோட்டா ஹார்னஸ் (பிளக்கோட வர்ற ஒயர் செட்) விக்குது, அதைப் போடச் சொல்லுங்க.

ஆக்ஸ் ஜாக்கை டேஷ்போர்டுல காலியா இருக்குற ஸ்விட்ச் மூடில ஓட்டை போட்டு வெச்சா பாக்க கம்பெனி ஃபிட்டிங் மாதிரியே இருக்கும். ஜாக்குல முனை லெஃப்ட், அடுத்த வளையம் ரைட், அடி எர்த். ஷீல்டு ஒயர் போடுங்க, பவர் ஒயர் கூட கட்டாம தள்ளிக் கொண்டுபோங்க. உங்க போன்ல 3.5 எம்எம் ஓட்டையே இல்லன்னா டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கறப்ப உள்ள டாக் சிப் (டிஜிட்டலை ஆடியோ சிக்னலா மாத்துறது) இருக்குறதா பாத்து வாங்குங்க, வெறும் ஒயர் மட்டும் இருக்குற மலிவு கன்வெர்ட்டர் நிறைய போன்ல வேலையே செய்யாது. எல்லாம் மாட்டினப்புறம் எஃப்எம்ல ஒரு வால்யூம்ல வெச்சு, அப்படியே ஆக்ஸுக்கு மாத்தி, ரெண்டும் சமமா கேக்குற வரைக்கும் போன் வால்யூமைக் கூட்டிக் குறைச்சு அந்த இடத்துலயே விட்டுடுங்க, இல்லன்னா போனைக் கழட்டிட்டு ரேடியோவுக்கு மாறினதும் காது கிழியும்.