பழைய காரில் ஆக்சிஜன் சென்சார் கோட் வந்தால் சென்சாரை மாற்றித்தான் ஆகவேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: 2013 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கொடைக்கானலுக்குக் கொண்டுவந்த பிறகு செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0171 (கலவை லீன்), பி0135 (ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர்) என்று இரண்டு பழுதுக் கோட். மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார், "மலையில காத்து கம்மி, அப்படித்தான் வரும்" என்றும் சொல்கிறார்.

எஞ்சின் விடும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் இந்த சென்சாரின் வேலை. அதை இப்போது வாங்காதீர்கள். பி0135 மட்டும் வந்திருந்தால்கூட முதலில் ஒயரைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கூடவே பி0171-உம் வந்திருக்கிறது என்றால், சென்சார் குற்றவாளியாக இல்லாமல் சாட்சியாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. கோத்தகிரிப் பக்கம் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். "டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை" என்று கமெண்டில் எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இதே இரண்டு கோட் என் வண்டியிலும் வந்தது, இதே "மலைக்காத்து" பதிலை எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த மலைக்காற்றை முடித்துவிடுகிறேன். பி0171 என்றால் கலவை லீன், அதாவது பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம் என்று இசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) கணக்குப் போட்டிருக்கிறது. மலையில் காற்று குறைவு. காற்று குறைந்த இடத்தில் காற்று அதிகம் என்று எப்படி கோட் வரும்? கார்புரேட்டர் காலத்து வண்டிகள் மலைக்கு வந்தால் பெட்ரோல் கூடிப்போய்க் கரும்புகை விடும், அது உண்மை. அந்த நினைவில்தான் எதற்கெடுத்தாலும் மலையைச் சொல்கிறார்கள். ஆனால் அது லீனுக்கு நேர் எதிர்ப்பக்கம். அதுவும்போக, இன்ஜெக்‌ஷன் வண்டியில் மேப் சென்சார் காற்றழுத்தத்தை அளந்து சொல்கிறது, இசியு அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. மலை ஏறுவது அதற்கு ஒரு விஷயமே இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. சாவியை ஆன் செய்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மேப் ரீடிங் பார்த்தால் 100 கிலோ பாஸ்கல் பக்கம் காட்டவேண்டும் என்று வீடியோக்களில் சொல்வார்கள். அது கடல்மட்டத்துக்கு. மேட்டுப்பாளையத்தில் 97 பக்கம் காட்டும், எங்கள் கோத்தகிரியில் 81, 82 காட்டும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 77 முதல் 79 வரைதான் காட்டும். அதைப் பார்த்து மேப் சென்சார் போய்விட்டது என்று அதற்கும் ஒரு பில் போட்டுவிடப் போகிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார். சமவெளியில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் வாங்கினோம், பெயர் வேண்டாம். வாங்கும்போது லைட் எதுவும் எரியவில்லை. ஆனால் நான் டாங்கிளை (ஸ்கேனர் சாக்கெட்டில் மாட்டும் சின்னக் கருவி) மாட்டி, வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டும் ரெடினெஸ் பக்கத்தைப் பார்த்தேன். கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் பகுதி), ஆக்சிஜன் சென்சார் எல்லாமே "முடியவில்லை" என்றுதான் நின்றது. இது பழைய கார் வாங்குகிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்கவேண்டிய விஷயம். பழைய கோட்களை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ இந்தச் சோதனைகள் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அன்றாடம் ஓடுகிற வண்டியில் எல்லாமே முடியாமல் நிற்கிறது என்றால், சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள் என்று பொருள். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-4 பெட்ரோல் கார்களில் ஓபிடி-2 என்ற சுயசோதனை முறை இருப்பதால் இதைப் பார்க்கலாம். அந்த ரீடிங்கைக் காட்டியே விலையைக் குறைத்து வாங்கினேன்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாளில், எதிர்பார்த்தபடியே லைட் எரிந்தது. பி0171, கூடவே பி0135. வியாபாரியின் மெக்கானிக்கை போனில் கேட்டால், "மேடம், மலைக்கு எல்லா வண்டிக்கும் அப்படித்தான். சென்சார்கூட இப்பத்தான் புதுசு போட்டோம்" என்றார். புது சென்சார் போட்டும் கோட் திரும்ப வந்திருக்கிறது, அழித்துவிட்டு விற்றிருக்கிறார்கள். அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற புளூடூத் டாங்கிள் ஒன்றும் போனில் ஒரு ஆப்பும் போதும், லைவ் டேட்டா பார்க்கலாம். நான் முதலில் பார்த்தது ஃப்யூயல் டிரிம். இசியு தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதம் அது. லாங் டெர்ம், ஷார்ட் டெர்ம் இரண்டையும் கூட்டி 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. என் வண்டியில் ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) 20-ஐத் தாண்டி நின்றது. ஆர்பிஎம்மை 2500-க்கு ஏற்றிப் பிடித்தால் இறங்கியது. இந்த மாதிரி வந்தால் எங்கோ கணக்கில் வராத காற்று புகுகிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

அடுத்து சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முன்பக்கத்து (கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் இருக்கிற) சிர்கோனியா வகை சென்சார் நன்றாக இருந்தால், எஞ்சின் சூடான பிறகு 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் சளைக்காமல் ஏறி இறங்கும். 0.45-க்கு மேலே ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழே லீன். மலையில் இருக்கிற நமக்கு இதைச் சோதிக்க ஒரு வசதி உண்டு. மூன்றாவது கியரில் இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இசியு பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடும், சென்சார் 0-க்குப் பக்கத்தில் போய்ப் படுக்கும். அது பழுது இல்லை, சரியான ரீடிங். மறுபடி ஏற்றத்தில் மிதித்தால் சட்டென்று 0.8-க்கு மேல் எகிறவேண்டும். எகிறினால் சென்சார் வேலை செய்கிறது. எகிறாமல் சோம்பினால் அப்போது சந்தேகப்படலாம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து போனைப் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். என் தம்பியை உட்காரவைத்து மேட்டுப்பாளையம் ரோட்டில் அரவேனு தாண்டி குஞ்சப்பனை வரை இறங்கி ஏறினோம். சென்சார் ஒழுங்காகத்தான் இருந்தது.

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீசனில் கீழேயிருந்து வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறார்கள். பிரேக் கருகுகிற வாசனை நமக்கு வருகிறது. மேலே சொன்னேனே, கியரில் இறங்கினால்தான் பெட்ரோல் முழுக்க நிற்கும். நியூட்ரலில் ஐடில் ஓடுவதற்கு எஞ்சின் குடித்துக்கொண்டேதான் இருக்கும். மிச்சமும் இல்லை, பிரேக்கும் போகிறது. வளைவில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்பது விதி. பயணிகள் நிரம்பிய அரசுப் பேருந்தே வளைவில் ஏறிக்கொண்டிருக்க, எதிரே மூக்கை நீட்டி நின்றுகொண்டு ஹாரன் அடிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பேருந்தில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். ஒருவராவது இதைப் படித்துவிட்டு இரண்டாவது கியரில் இறங்கினால் எனக்கு சந்தோஷம்.

எங்கே விட்டேன்? காற்று புகும் இடம். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவரிடம் பெரிய ஸ்கேனர் எல்லாம் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு பிளக்கைக் கழற்றினார். "டீச்சர், கம்ப்யூட்டர் லீனுங்குது, பிளக் கரியா இருக்கு பாருங்க" என்றார். சைலன்சர் வாயில் விரலை விட்டுக் காட்டினார், அங்கேயும் கரி. அந்த ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிட்டது.

இன்டேக் பக்கம் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில்) வேக்யூம் ஹோஸ் விரிசல் விட்டிருந்தால் நிஜமாகவே காற்று கூடியிருக்கும். இசியு பெட்ரோலைக் கூட்டிச் சரிசெய்யும், பிளக் கரி பிடிக்காது. பிளக் கரியாக இருந்தும், அதாவது பெட்ரோல் கூடிப்போயும், சென்சார் லீன் என்கிறது என்றால், காற்று எஞ்சினுக்குப் பிறகு, சென்சாருக்கு முன்னால் புகுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) இணைப்பில் வைக்கிற பேக்கிங்தான் அந்த இடம். புகை அடித்து அடித்துத்தான் வெளியேறும். இரண்டு அடிக்கு நடுவில் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று ஓட்டை வழியாக உள்ளே இழுபடும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்கிறது, இசியு அதை நம்பி பெட்ரோலைக் கொட்டுகிறது, மைலேஜ் படுக்கிறது. சென்சார் தன் கண்ணில் பட்டதைச் சரியாகத்தான் சொன்னது. அதனால்தான் புதுசு போட்டாலும் அதே கோட் வந்தது.

காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பானட்டைத் திறந்து கேட்டோம். டிக் டிக் என்ற சத்தம், சூடானதும் இரும்பு விரிந்து சத்தம் அடங்கிவிட்டது. மேனிஃபோல்ட் இணைப்பில் கரிக்கோடு. பேக்கிங்கை மாற்றி, ஒரு ஸ்டட் (இறுக்கிப் பிடிக்கும் போல்ட்) முறிந்திருந்ததையும் எடுத்துப் புதுசு போட்டார். சில நூறு ரூபாய் பேக்கிங், அவர் கூலி, அவ்வளவுதான். டிரிம் 5-க்குள் வந்துவிட்டது.

பி0135 தனிக்கதை. சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும், அதற்கு உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டர் சர்க்யூட்டில் பிரச்சினை என்பதுதான் இந்தக் கோட். சர்க்யூட் என்றால் ஃப்யூஸ், ஒயர், கனெக்டர் எல்லாம் சேர்த்து. நான்கு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இரண்டு இருக்கும், பெரும்பாலும் வெள்ளை. அவைதான் ஹீட்டர். மல்டிமீட்டரில் பார்த்தால் சில ஓம்கள் காட்டவேண்டும், உள்ளே இணைப்பு அறுந்திருந்தால்தான் ஹீட்டர் போயிற்று. எனக்கு ஓம் சரியாக வந்தது, ஆனால் 12 வோல்ட் வந்து சேரவில்லை. புதுசு போட்டவர்கள் பழைய கனெக்டரை வெட்டி, ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். கோத்தகிரிப் பனிமூட்டத்துக்கு டேப் எத்தனை நாள் தாங்கும்? பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. ஒயர்களை அழுத்திப் பிடிக்கும் சரியான கிரிம்ப் போட்டு மூடினோம். சாலிடர் வேண்டாம், பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை ஒயரின் உள்வழியாகத்தான் இழுக்கின்றன, சாலிடர் அந்த வழியை அடைத்துவிடும்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் காரணம் என்று யாராவது வருவார்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய வண்டியில் டிரிம் சில சதவீதம் ஏறும், மறுக்கவில்லை. அதனால் மட்டும் 20-ஐத் தாண்டாது. சென்சார் சாகவே சாகாது என்றும் நான் சொல்லவில்லை. ஆயில் எரிக்கிற எஞ்சின், கூலன்ட் கசிவு, எக்ஸாஸ்ட் பக்கம் தடவிய சிலிக்கான் பேஸ்ட், இவை எல்லாம் சென்சாரைக் கெடுக்கும். பி0133 (சென்சார் மந்தம் என்கிற கோட்) வந்து, லீக் எதுவும் இல்லாமல், ரீடிங் மந்தமாக இருந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். மெக்கானிக்குகள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தவரும் மெக்கானிக்தான்.

உங்கள் வண்டியில் நாளைக் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பானட்டைத் திறந்துவையுங்கள், முதல் இரண்டு நிமிடச் சத்தத்தைக் கேளுங்கள். பிளக் நிறத்தைப் பாருங்கள். சென்சார் ஒயரை யாராவது வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், எலி கடித்ததா என்றும். அந்த இரண்டு கோட்களை மட்டும் யாரையும் அழிக்க விடாதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும், கோட் விழுந்த நேரத்து ஆர்பிஎம், சூடு, டிரிம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.