பேரேட்டில் நின்ற வேதாகமம்

அன்புள்ள ஐயா,
இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் நகரில் பிளாண்டினின் அச்சகம் 1566-ல் வெளியிட்ட எபிரேய வேதாகமத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். கிறிஸ்தவரான பிளாண்டின் அதை அச்சிட்டது பக்தியாலா, பணத்துக்காகவா? எஞ்சியிருப்பவை வெறும் கணக்குப் புத்தகங்கள் என்பதால் அவருடைய மனத்தை அறிய வழியில்லை என்றே நினைக்கிறேன்.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கணக்குகளையே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பக்தியா பணமா என்ற கேள்வியை ஓரமாக வைக்கிறேன். மனிதருக்கு ஒரு நோக்கம்தான் இருக்க முடியும் என்று நம்புகிறவர்கள் கேட்பது அது. ஆனால், "வெறும் கணக்குப் புத்தகங்கள்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

1562-ல் பிளாண்டினின் உடைமைகள் ஏலத்தில் போயின. மறு ஆண்டே கூட்டாளிகளோடு அவர் மீண்டும் தொழில் தொடங்கினார். வெனிஸில் யூதர்களின் சமயச் சட்டநூலான தல்மூதை அச்சிட்டுப் புகழ்பெற்ற டானியல் பொம்பெர்கின் உறவினரான கொர்னேலிஸ் வான் பொம்பெர்கன் அக்கூட்டாளிகளில் ஒருவர். கணக்கெழுதும் பொறுப்பு அவருடையது. டானியலின் எபிரேய எழுத்துகளும் அவ்வழியாகவே இந்த அச்சகத்துக்கு வந்தன. ஒவ்வொரு வரவுசெலவையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் பதியும் இத்தாலிய வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையில் எழுதப்பட்ட அந்தப் பேரேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் தனிக் கணக்கு உண்டு. வாங்கிய காகிதம், அச்சுக்கோத்தவரின் கூலி, அச்சுப்பொறியில் நின்றவர்களின் கூலி ஆகிய எல்லாம் அந்த நூலின் பற்றுப் பக்கத்தில், அதன் கடனாக, ஏறும். அதாவது, விற்றுத் தீரும்வரை வேதாகமமே கூட்டாளிகளுக்குக் கடன்பட்டு நிற்கிறது. செலவில் பெரும்பங்கு காகிதத்துக்கே போயிற்று என்பதும், ஒரு பொறியில் இருவர் நின்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 1250 தாள்களை இருபுறமும் அச்சிட்டார்கள் என்பதும் இத்தகைய ஏடுகளால்தான் நமக்குத் தெரியும். எந்த முன்னுரையிலும் பிளாண்டின் இவற்றைச் சொல்லப்போவதில்லை.

என் பெரியப்பா ஒரு கமிஷன் மண்டியில் கணக்கெழுதியவர். பேரேட்டைப் புரட்டிய மாத்திரத்தில், எந்த வீட்டில் கல்யாணம் நெருங்குகிறது, எந்த வீட்டில் கை முடங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். அவரை யாரும் படிப்பாளி என்று சொன்னதில்லை. கவிதை வரியில் மட்டுமே மனம் இருக்கிறது என்று கற்பித்துவிட்ட நம் இலக்கியக்காரர்கள்மேல் எனக்குள்ள கோபத்தில் ஒரு பங்கு உங்கள்மேல் விழுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இவ்வளவு தூரம் தேடிப் படித்தவர் என்பதால்தான் கடிந்துகொள்கிறேன்.

யூதர்கள் தம் சமயத்தை வெளிப்படையாகப் பின்பற்ற இயலாத நகரில் அச்சான அந்தப் பிரதிகளில் ஒரு பகுதி, வட ஆப்பிரிக்காவின் பார்பரிக் கரையில் வாழ்ந்த யூதர்களுக்கு விற்கக் கப்பலேறியது. நீங்கள் கேட்ட மனம் அந்தச் சரக்கனுப்பலில் இல்லையா?

கால்வினியம் என்னும் புராட்டஸ்டண்ட் பிரிவின் சார்புடைய கூட்டாளிகள் 1567-ல் நகரைவிட்டு வெளியேறக் கூட்டும் கலைந்தது. இரட்டைப் பதிவும் அதோடு நின்றுபோயிற்று. மறு ஆண்டு அச்சேறத் தொடங்கி 1573 வரை நீண்ட பிளாண்டினின் பன்மொழி வேதாகமத்துக்கு ஸ்பெயின் மன்னரின் ஆதரவும் உலகப் புகழும் கிடைத்தன. அதற்கு அப்படியொரு செம்மையான கணக்கு வாய்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.