மலை இறங்கும்போது கை நடுங்குகிறதா?

கேள்வி: குன்னூரில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். வயது 47. ஆறு வருடமாகச் சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினால், சில நாள் பர்லியார் வருவதற்குள் வியர்த்துக் கை நடுங்குகிறது. அதனால் சவாரி நாளில் மாத்திரை போடுவதில்லை. லைசென்ஸ் வேறு புதுப்பிக்க வேண்டும். சர்க்கரை என்று தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், மெடிக்கல் சர்டிபிகேட் நானே வாங்கித் தருகிறேன் என்கிறார் புரோக்கர். என்ன செய்வது?

பதில்: சர்க்கரை இருக்கிறது என்பதற்காக மட்டும் லைசென்ஸ் போய்விடாது. உங்கள் நோயால் ரோட்டில் மற்றவர்களுக்கு ஆபத்து வருமா என்றுதான் பார்ப்பார்கள். இப்போது நீங்கள் ஓட்டுகிற விதத்தில் வரும்.

அந்த நடுக்கம் பெரும்பாலும் சர்க்கரை இறங்குவதால்தான். ஒரு டீ, ஒரு வர்க்கியோடு வண்டியை எடுத்திருப்பீர்கள். மாத்திரை தன் வேலையைச் செய்கிறது, வயிற்றில்தான் ஒன்றுமில்லை. மாத்திரையை விடாதீர்கள், இட்லியை விடாதீர்கள். வண்டி எடுப்பதற்கு முன் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் பாருங்கள். 90க்குக் கீழே என்றால் சாப்பிடாமல் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். வழியில் நடுங்கினால் ஓரங்கட்டி மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் போடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சரியான பிறகும் முக்கால் மணி நேரம் வண்டி நிற்கட்டும். பயணிகள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். இன்னொன்று, ஊட்டிக் குளிரில் ராத்திரி முழுக்க வண்டியில் கிடந்த மீட்டர் காலையில் எரர்தான் காட்டும். சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிப் பாருங்கள்.

மெட்பார்மின் மட்டும் போடுகிறவருக்குச் சாதாரணமாக இப்படி இறங்காது. மட்டும் என்பதைக் கவனியுங்கள். மெட்பார்மின்தான் போடுகிறேன் என்று பலர் சொல்வார்கள். அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் சேர்ந்திருக்கும். இறக்குவது அதுதான். அட்டையோடு டாக்டரிடம் போய், காலை எத்தனை மணிக்கு வண்டி எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வேறு மாத்திரைக்கோ வேறு நேரத்துக்கோ மாற்றித் தருவார்.

அப்புறம் அந்தப் புரோக்கர். அவர் சொல்லும் மெடிக்கல் சர்டிபிகேட், அதாவது படிவம் 1ஏ, டாக்டர் உங்களை நேரில் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டிரைவர் உடம்பை ஒரு டாக்டர் பார்க்கச் சட்டம் தரும் வாய்ப்பு அது. அதையும் முகம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள். ஆர்டிஓ ஆபீஸுக்கும் காகிதம் வந்தால் போதும், ரத்தம் பார்த்தாயா என்று கேட்பாரில்லை. நாளைக்கு ஒரு விபத்து என்றால் அந்தப் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. புரோக்கர் போனை எடுக்க மாட்டார். ஸ்டாண்டுக்கே வந்து சர்க்கரையை வேரோடு அறுக்கும் பொடி விற்பவரையும் இதே கணக்கில் சேருங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் இங்கிலீஷ் மாத்திரையையே அரைத்துக் கலந்தது பிடிபட்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. டிரைவர் வீட்டில் இருக்கிற நேரத்தில் வருமா என்று கேட்காதீர்கள்.

வியர்வைக்கு இதயமும் காரணமாகலாம். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். மூச்சு வாங்குவது, தாடை இழுப்பது, குமட்டல், இவ்வளவுதான் தெரியும். கேஸ் என்று சோடா குடிப்பார்கள். குளுக்கோஸ் போட்டும் வியர்வை நிற்கவில்லையா, மீட்டரில் சர்க்கரை சரியாக இருந்தும் மூச்சு முட்டுகிறதா, கீழேதானே ஆஸ்பத்திரி என்று நீங்களே ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள். வண்டியை நிறுத்தி 108ஐக் கூப்பிடுங்கள்.