ஃப்ளோட்டிங் பாயின்ட் சூழல்: சி நிரலர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1.0-ஐ 0.0-ஆல் வகுத்தேன். நிரல் நிற்காமல் இன்ஃபினிட்டி என்று அச்சிட்டுவிட்டுப் போகிறது. பிழை நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தசம எண் கணக்குகளுக்கான பொதுத் தரநிலையான ஐஇஇஇ 754-இன் விதியே அப்படித்தான். ஒரு விடையைக் கொடுத்துவிட்டு, பிராசஸருக்குள் ஒரு ஃபிளாகை, அதாவது 'இது நடந்தது' என்ற அடையாளத்தை, ஏற்றி வைக்கும். செல்லாத கணக்கு, பூஜ்யத்தால் வகுத்தல், ஓவர்ஃப்ளோ (அடங்காத அளவு பெரிய விடை), அண்டர்ஃப்ளோ (மிகச்சிறிய விடை), துல்லியக் குறைவு என்று மொத்தம் ஐந்து ஃபிளாகுகள். இவையும் ரவுண்டிங் முறையும் சேர்ந்ததுதான் ஃப்ளோட்டிங் பாயின்ட் சூழல். ஏறிய ஃபிளாக் தானாக இறங்காது. அதனால் கணக்குக்கு முன் ஃபிளாகைத் துடைக்க ஃபெகிளியர்எக்செப்ட், முடிந்ததும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஃபெடெஸ்ட்எக்செப்ட். இரண்டும் சி மொழியின் சி99 தரநிலையில் வந்த ஃபென்வ்.ஹெச் என்ற ஹெடர் கோப்பில் உள்ளன.

கேள்வி: அண்ணா, ஃபெசெட்ரவுண்ட் மூலம் ரவுண்டிங்கை (விடையை முழுமைப்படுத்தும் திசையை) மேல்நோக்கி மாற்றினேன். அது 0 தருகிறது, அதாவது வெற்றி. ஆனால் 1.0 / 3.0-இன் விடை மாறவே இல்லையே?

பதில்: இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுமே மாறிலிகள் என்பதால் கம்பைலர் தொகுக்கும்போதே வகுத்து, விடையை எழுதி வைத்துவிட்டது. நிரல் ஓடும்போது வகுத்தலே நடக்கவில்லை. நீங்கள் சூழலைத் தொடுகிறீர்கள் என்று கம்பைலருக்குச் சொல்ல ஃபென்வ் ஆக்சஸ் என்ற பிராக்மா (கோடிலேயே எழுதும் கட்டளை) இருக்கிறது. ஜிசிசி கம்பைலர் அதைக் கண்டுகொள்வதில்லை. ரவுண்டிங்-மேத் ஆப்ஷன் கொடுக்க வேண்டும். அதுவும் போதாது. உங்கள் கணக்கை ஃபெசெட்ரவுண்டுக்கு முன்னாலேயோ பின்னாலேயோ நகர்த்த கம்பைலருக்குத் தடை இல்லை. நான் இதில் இரண்டு நாள் இழந்திருக்கிறேன்: ஆப்டிமைசேஷன் இல்லாமல் சரியான விடை, ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் ஆப்ஷன் போட்டால் வேறு விடை. உள்ளே போகும் எண்களையும் வெளியே வரும் விடையையும் வாலட்டைல் மாறிகளில் (கம்பைலர் ஒவ்வொரு முறையும் படித்தும் எழுதியும் தீர வேண்டிய மாறிகளில்) வைத்த பிறகுதான் சரியானது.

கேள்வி: நான் எழுதும் லைப்ரரி, அதை அழைப்பவரின் ஃபிளாகுகளைக் கெடுக்கக் கூடாது. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: நல்ல அக்கறை. நுழைந்ததும் ஃபெஹோல்ட்எக்செப்ட்: பழைய சூழலைச் சேமித்து, ஃபிளாகுகளைத் துடைத்துவிடும். எக்ஸ், ஒய் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். எக்ஸ் 10-இன் 200-ஆம் அடுக்கு என்றால், கடைசி விடை டபுளுக்குள் அடங்கும், வர்க்கம் அடங்காது. ஓவர்ஃப்ளோ ஏறியிருந்தால் எண்களைச் சுருக்கி மறுபடி கணக்கிடுங்கள். நடுவில் ஏறிய அந்த ஃபிளாகைத் துடைத்துவிட்டு ஃபெஅப்டேட்என்வ் அழையுங்கள். பழைய சூழல் திரும்பும், உண்மையான பிழைகள் மட்டும் அழைப்பவருக்குப் போய்ச் சேரும்.

கேள்வி: வேகத்துக்காக, ஐஇஇஇ விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத் என்ற கம்பைலர் ஆப்ஷன் போடலாமா?

பதில்: ஃபிளாகை நம்பும் நிரலில் வேண்டவே வேண்டாம். ஜிசிசி 13-க்கு முன், எக்ஸ்86-இல் அந்த ஆப்ஷனோடு இணைத்த ஷேர்ட் லைப்ரரியை ஏற்றினாலே மிகச்சிறிய எண்கள் பூஜ்யமாகிவிடும். உங்கள் கோடில் ஒரு வரிகூட மாறியிருக்காது.

கேள்வி: ஒரே நிரலில் பல த்ரெட்டுகள் ஓடும்போது இந்தச் சூழல் எப்படி இருக்கும்?

பதில்: ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிச் சூழல். புதியது, தன்னை உருவாக்கியதன் அப்போதைய சூழலோடு பிறக்கும். த்ரெட் பூலை (முன்கூட்டியே உருவாக்கி வைத்த த்ரெட்டுகளின் கூட்டத்தை) தொடங்கிய பிறகு மெயினில் ரவுண்டிங்கை மாற்றினால் அந்த த்ரெட்டுகளுக்குத் தெரியாது. வேலை செய்யும் த்ரெட்டுக்குள்ளேயே மாற்றி, அங்கேயே பழையபடி வையுங்கள்.