கட்டைவிரல் வலியும் பிசகும் தாளமும்

கேள்வி: எனக்கு வயது 20. மொபைலில் ‘எ டான்ஸ் ஆஃப் ஃபயர் அண்ட் ஐஸ்’ விளையாடுகிறேன். தாளத்துக்குச் சரியாக ஒரே ஒரு தட்டு. பிசகினால் ஆட்டம் போச்சு. தினமும் மூன்று மணி நேரமாவது ஆடுவேன். ஒரு மாதமாக வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் வலி. பாட்டில் மூடியைத் திருகினால் சுரீர் என்கிறது. டைமிங்கும் தப்புகிறது. புளூடூத் இயர்போன்தான் போடுகிறேன். இது நரம்புக் கோளாறா? விளையாட்டை விட்டுவிட வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால் இது நரம்பு அல்ல, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உறை. கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு நாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் நாண்கள் வழுக்கிப் போக முடியாமல் உராயும். 1895-ல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் பெயரால் இதை டி கெர்வேன் நோய் என்கிறோம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். நல்ல கையிலும் லேசாக இழுக்கும் என்பதால் இடது கையிலும் செய்து ஒப்பிடுங்கள். வலது பக்கம் மட்டும் கூர்மையாக வலித்தால் சந்தேகம் வலுக்கிறது.

150 பிபிஎம் (நிமிடத்துக்கு 150 துடிப்பு) பாட்டில் துடிப்புக்கு ஒரு தட்டு என்றாலே அரை மணி நேரத்தில் 4,500 தட்டு. அதைவிடக் கெடுதல், இரண்டு தட்டுகளுக்கு நடுவே நடப்பது. போனைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலே திரைக்கு மேலே தூக்கியபடி காத்திருக்கிறது. அந்தச் சுமை இந்த இரண்டு நாண்கள் மேல்தான் விழுகிறது. களைத்த தசை நேரத்துக்கு இறங்காது. டைமிங் தப்ப இது ஒரு காரணம்.

இன்னொன்று உங்கள் இயர்போன். புளூடூத் ஒலி 200 மில்லிசெகண்ட் பிந்துவது சாதாரணம். 150 பிபிஎம்மில் ஒரு துடிப்பே 400 மில்லிசெகண்ட்தான். அதில் பாதி போய்விடுகிறது. தப்பத் தப்ப எல்லோரும் இன்னும் ஓங்கித் தட்டுகிறார்கள். தொடுதிரைக்கு அழுத்தம் தேவையே இல்லை, விரல் பட்டால் போதும். ஒயர் இயர்போனுக்கு மாறி, ஆட்டத்தின் செட்டிங்ஸில் உள்ள காலிபிரேஷனை (ஒலியின் தாமதத்தைச் சரிக்கட்டும் வசதி) ஒருமுறை செய்யுங்கள். புளூடூத்தில் செய்தாலும், மறுபடி இணைக்கும்போது தாமதம் மாறக்கூடும்.

இப்போதைக்கு மூன்று, நான்கு வாரம் கட்டைவிரலுக்கு ஓய்வு. மெடிக்கல் ஷாப்பில் வெறும் மணிக்கட்டுப் பட்டை வாங்கிவிடாதீர்கள். கட்டைவிரல் அதில் அசைந்துகொண்டே இருக்கும். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ‘தம்ப் ஸ்பைகா ஸ்ப்ளின்ட்’ என்று கேளுங்கள். குளிக்கும்போது மட்டும் கழற்றினால் போதும். துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை வையுங்கள். வலிநிவாரணி மருந்து ஒவ்வாமை இல்லாவிட்டால் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம், அழுத்தித் தேய்க்கக் கூடாது. குறையாவிட்டால் எலும்பியல் மருத்துவர் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார். பெரும்பாலோருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

விளையாட்டை விட வேண்டியதில்லை, கட்டைவிரலால் ஆடுவதை விடுங்கள். மூடியை வலியில்லாமல் திருக முடிந்த பிறகு தொடங்குங்கள். போனை மேசையில் வைத்து, முன்கையைச் சாய்த்து, இரண்டு ஆள்காட்டி விரல்களால் மாறி மாறித் தட்டலாம். எந்த விரல் தட்டியது என்று ஆட்டம் பார்ப்பதில்லை. முதல் வாரம் மெதுவான லெவல்கள், ஐந்து நிமிடம் ஆடி ஐந்து நிமிடம் ஓய்வு, மொத்தம் 20 நிமிடம். மறுநாள் காலையில் வலி இல்லையென்றால் மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒரே லெவலில் தொடர்ந்து தோற்கும்போது தோள் இறுகுகிறதா என்று கவனியுங்கள். இறுகினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

கட்டைவிரல் மடங்கிச் சிக்கிக்கொண்டால் அது வேறு நோய். ஆள்காட்டி, நடுவிரல் வரை மரத்துப்போனால் அப்போது நரம்பைப் பரிசோதிக்க வேண்டும். கை ஊன்றி விழுந்த பிறகு வந்த வலி என்றால் ஸ்ப்ளின்ட்டோடு காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள், மணிக்கட்டில் உள்ள ஸ்காஃபாய்டு எலும்பு முறிந்திருக்கலாம். சிவந்து, வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.