இன்டர்வியூல மஸ்ட் மஸ்ட்னு பேசுற பொண்ணுக்கு

சார், பொண்ணு பி.காம்ல நல்ல மார்க்கு, கிராமரும் பக்கா, ஆனா வாய்ஸ் ப்ராசஸ், அதாவது கஸ்டமர்கிட்ட போன்ல பேசுற வேலைக்கான இன்டர்வியூல மட்டும் ரிஜெக்ட் ஆகி வெளிய வந்துடுறா, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு பணம் கட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. இப்போதைக்கு கட்டாதீங்க. நீங்க அனுப்பின மாக் இன்டர்வியூ (பழகிப் பாக்குற இன்டர்வியூ) ஆடியோவ முழுசா கேட்டேன், தப்பா எதுவும் பேசல, ஆனா கஸ்டமர்கிட்ட "யூ மஸ்ட் செண்ட் தி பில்"னு அதட்டுறா.

நம்ம ஊர்ல "பில்லு அனுப்பணுங்க"ன்னு சொன்னா கடைசில வர்ற அந்த 'ங்க' மரியாதைய பாத்துக்கும். மஸ்ட்டுக்கு அந்த வசதி கிடையாது, ஆர்டர் போடுற மாதிரிதான் காதுல விழும். "யூ வில் நீட் டு செண்ட் அஸ் தி பில்"னு சொல்லச் சொல்லுங்க, அதே கட்டாயம்தான், ஆனா உறுத்தாது. தன் வேலைய பத்தி பேசும்போது "ஐ ஹேவ் டு". ஃப்ரெண்ட்ஸ்கிட்டன்னா "ஐ காட கோ"ன்னே சொல்லலாம், "ஐ ஹேவ் காட் டு கோ"ங்கிறதுதான் வேகத்துல அப்படி ஆகுது, ஆனா ஆபீஸ் மெயில்ல அத எழுதிடக்கூடாது.

கம்ப்ளெயின்ட் கால்ல அதிகமா வர்றது 'சப்போஸ்டு டு'. "இட் வாஸ் சப்போஸ்டு டு கம் எஸ்டர்டே"ன்னு கஸ்டமர் சொன்னா நேத்தே வந்திருக்கணும், வரலன்னு அர்த்தம், அங்க உடனே ஸாரி சொல்லணும், இவ "ஓகே சார்"னு தாண்டிப் போயிட்டா.

இன்னொன்னு, "யூ பெட்டர் கம் ஏர்லி". புக்ல இத அட்வைஸ்னு போட்டிருப்பாங்க, ஆனா டீம் லீடர்கிட்ட சொல்லிப் பாருங்க, 'வரலன்னா நடக்கறதே வேற'ங்கிற மாதிரி கேக்கும்.

பெரிய சிக்கல் 'வேண்டாம்'லதான் இருக்கு. "பணம் கட்ட வேண்டாம்"னா நமக்கு தேவையில்லன்னும் வரும், கட்டாதீங்கன்னும் வரும். இங்கிலீஷ்ல ரெண்டும் தனித்தனி, "யூ டோன்ட் ஹேவ் டு பே"ன்னா கட்ட அவசியமில்ல, "யூ மஸ்ட் நாட் பே"ன்னா கட்டவே கூடாது, பில்லிங் கால்ல இத மாத்தி சொன்னா கஸ்டமர் குழம்பிப் போயிடுவார்.

மஸ்ட்ட மொத்தமா விடச் சொல்லல, "யூ மஸ்ட் பி டயர்டு"ன்னு ஊகமா சொல்றதுக்கு அது தாராளமா வரலாம். தினம் நைட்டு அடுத்த நாள் வேலைய எல்லாம் 'ஹேவ் டு', 'நீட் டு' போட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க, பத்து வரி போதும், ஒரு வாரம் கழிச்சு அந்த ஆடியோவ எனக்கு அனுப்புங்க, கிளாஸ் தேவையா இல்லையான்னு அத கேட்டுட்டு சொல்றேன்.