ஆஸ்திரேலிய பூர்வகுடி குடும்பங்களோட மனக்காயம் ஆற கவுன்சிலிங் மட்டும் போதுமா?

போதாதுங்க, ஏன்னா காயம் ஒரு ஆளோடது இல்ல. சுமார் 1910ல இருந்து 1970கள் வரைக்கும் அரசாங்கமே பிள்ளைங்கள அம்மாகிட்ட இருந்து பிடுங்கிட்டு போச்சு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல அப்படிப் பிடுங்கின பசங்கள வச்சிருந்த கிஞ்செலா ஹோம்ல அவங்கள பேர் சொல்லி கூப்பிடாம நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, நினைச்சாலே நெஞ்சு பதறுது. அப்படி வளர்ந்தவங்களுக்கு பிள்ளைய எப்படி கொஞ்சறதுன்னு யாருமே காட்டல, அந்த வலி அடுத்த தலைமுறைக்கும் இறங்கிடுச்சு.

அதனால முதல்ல தொலைஞ்ச உறவைத் தேடிச் சேர்க்கணும், லிங்க்-அப்ங்கற அமைப்பு 1980ல இருந்து அதைத்தான் செய்யுது. வெளியில இருந்து உதவப் போறவங்க அவங்க பெரியவங்க சொல்றபடி நடக்கணும். பெரியவங்களோட சேர்ந்து சொந்த மண்ணுக்குப் போறது, வட்டமா உக்காந்து பேசறது, வட ஆஸ்திரேலியாவுல டேலி ரிவர் பக்கம் 'டடிரி'ன்னு சொல்ற மாதிரி அமைதியா ஆழமா கேக்கறது, இதெல்லாமும் வைத்தியம்தான்.